டேட்டாவை அணைத்துவிட்டு ஜிபிஎஸ் வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காருக்கு எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த பட்டியலைப் பார்த்தேன். திரை எத்தனை அங்குலம், ரேம் எவ்வளவு, பின்பக்கக் கேமரா உண்டா, விலை என்ன, எல்லாம் இருந்தது. டவர் இல்லாத இடத்தில் அது வழி காட்டுமா என்பது மட்டும் இல்லை. பொள்ளாச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன், வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல் என்று மலையேறுவதுதான் பிழைப்பு, அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கடையில் நடக்கும் ஒரு குழப்பம். 'ஜிபிஎஸ் போட்டுத் தர்றோம்' என்று சொல்லிச் சில இடங்களில் மாட்டிவிடுவது டிராக்கர். கார் எங்கே நிற்கிறது என்று அது உங்கள் போனுக்குச் சொல்லும், உங்களுக்கு வழி சொல்லாது. மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு ஏஐஎஸ்-140 தரத்தில் டிராக்கரும் அவசர பட்டனும் வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது, அது எங்கள் தலைவலி. சொந்தக் காருக்கு வழி காட்டும் கருவி கேட்டு வந்தவர் ஏன் டிராக்கரையும் அதற்கு வருடா வருடம் கட்டணத்தையும் சுமக்க வேண்டும்? பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, வழி காட்டுவதற்கு என்னென்ன இருக்கின்றன? கண்ணாடியில் ஒட்டும் தனிக் கருவி ஒரு காலத்தில் நன்றாக விற்றது, வரைபட நிறுவனமான மேப்மைஇண்டியாவே அப்படிப் பெட்டிகள் விற்றது, இப்போது கடையில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் பழைய கார்மின் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தால் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் அமெரிக்காவின் வரைபடம்தான் இருக்கும், நம் ஊர் வரைபடத்தைத் தனியாகப் போட வேண்டும். அடுத்தது காரோடு வரும் திரை. அப்புறம் வெளிக்கடையில் வாங்கி மாட்டும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. கடைசியில் எல்லோர் பையிலும் இருக்கிற போன். என்னைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு அந்தப் போனும் ஒரு நல்ல ஹோல்டரும் போதும், மிச்சப் பணத்தை டயருக்குச் செலவழிக்கலாம்.

எதை வாங்கினாலும் ஒரே ஒரு சோதனை. கடையிலேயே டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள், ஹாட்ஸ்பாட் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. பிறகு பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வழி போடச் சொல்லுங்கள். வழி வந்தால் மேலே பேசலாம். வெறும் சாம்பல் நிறத் திரையும் நடுவில் ஒரு நீலப் புள்ளியும் வந்தால், ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது டவர் போகிற இடத்திலும் அதுதான் வரும். ஜிபிஎஸ் என்பதே இன்டர்நெட் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதைக் கருவி வாங்கிக்கொள்கிறது, நான்கு கோள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும், அதற்கு ஒரு பைசா டேட்டா வேண்டாம். டேட்டா வேண்டியது வரைபடத்துக்கு. அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், கூகுள் மேப்ஸிலும் முடியும், மேப்மைஇண்டியாவின் மேப்பிள்ஸ் செயலியிலும் முடியும், பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் போன்றவை அதற்காகவே இருக்கின்றன. கூகுளில் இறக்கியதைப் புதுப்பிக்காமல் விட்டால் காலாவதியாகிவிடும், டேட்டா இல்லாதபோது நெரிசல் எங்கே என்றும் அது சொல்லாது, அவ்வளவுதான் குறை.

இன்னொன்று, மலை ஏறி டவர் போன பிறகு போனை ஆன் செய்து 'இடமே காட்டமாட்டேங்குது' என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். கோள் தன் விவரங்களை வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது, எல்லாக் கோள்களும் எங்கே இருக்கும் என்ற முழுப் பட்டியலும் வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். டவர் இருக்கும்போது போன் அதை நெட்டில் வாங்கிவிடுவதால் நமக்கு அந்தத் தாமதம் தெரிவதில்லை. ஆகவே வழியை வீட்டு வாசலில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டுகிறவர்கள் ஒரு காரியத்தைக் கட்டாயம் நின்று பார்க்க வேண்டும். அதோடு தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு ஆன்டெனா வரும், ஒரு பக்கம் காந்தம், வால் போல நீளமான ஒயர். அதை டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடிக்குக் கீழே, காந்தம் இல்லாத பக்கம் வானத்தைப் பார்க்க வைக்க வேண்டும். அவசரத்தில் மாட்டுகிறவர் ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஆன்டெனாவையும் ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புத் தகட்டுக்கு அடியில் தள்ளி மூடிவிடுவார். பாட்டு ஜோராகப் பாடும், கேமரா தெரியும், வாடிக்கையாளரும் திருப்தியாகப் போய்விடுவார். பிறகு பார்த்தால் நாம் மெயின் ரோட்டில் போவோம், திரையில் கார் பக்கத்துத் தெருவில் வீடுகளுக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருக்கும். மென்பொருள் கோளாறு என்று அதை மூன்று முறை அப்டேட் செய்து என்ன பயன்? ஒயரை வெளியே இழுத்து வைத்தால் சரியாகப் போகும்.

போனை நம்புகிறவர்களுக்கு வெயில்தான் எதிரி. மே மாதம் டேஷ்போர்டு மேல் ஒட்டிய போன் சூடேறித் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், வெற்றிடத்தில் ஒட்டுகிற ரப்பர் தளர்ந்து ஹோல்டரே மடியில் விழும். ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டும் கிளிப் நல்லது. காரின் திரையோடு வயர்லெஸ்ஸில் இணைத்துவிட்டுப் போனைப் பாட்டில் வைக்கும் குழியில் போட்டுவைக்கிறார்கள், பல கார்களில் இடம் பிடிப்பது அந்தப் போன்தான், அதற்கும் கொஞ்சம் வானம் தெரிய வேண்டாமா? புதிதாகப் போன் வாங்குவதாக இருந்தால் கோள்கள் அனுப்பும் எல்5 என்ற அலைவரிசையையும் அது வாங்குமா என்று கேளுங்கள். உயரமான கட்டடம், பாறைச் சுவர் இவற்றில் பட்டுத் தெறித்து வரும் அலையால் புள்ளி துள்ளுவது அதில் குறைவு. ஜிபிஎஸ் போல நம் நாடே ஏவிய நாவிக் கோள்களும் தொடக்கத்திலிருந்தே அந்த அலைவரிசையில் அனுப்புகின்றன. கையில் பிடித்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம். வழி பார்க்கப் போனைப் பயன்படுத்தலாம், ஆனால் கவனம் சிதறக் கூடாது என்று 2020 அக்டோபர் முதல் விதியிலேயே இருக்கிறது.

காரோடு வரும் வரைபடத்துக்கு வருவோம். ஷோரூமில் அதைச் சொல்லியே மேல்மட்ட மாடலைத் தலையில் கட்டுகிறார்கள். அது எப்போது புதுப்பிக்கப்படும், இலவசம் எத்தனை வருடம், பிறகு எவ்வளவு என்று கேட்டால் விற்பனையாளர் மேலாளரைப் பார்ப்பார், மேலாளர் விளம்பரக் கையேட்டைப் பார்ப்பார். கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முந்தைய வரைபடத்தோடு அதன் மேல் ஏறினால், நாம் கீழே சாலையில் போவதாக நினைத்துக்கொண்டு வராத சிக்னலுக்கெல்லாம் திரும்பச் சொல்லும். புது வரைபடம் இருந்தாலும் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது ஜிபிஎஸ்ஸுக்குச் சிரமமான கணக்கு, உயரத்தில்தான் அதற்குப் பிழை அதிகம். அதனால்தான் மேம்பாலம் ஏறு, ஏறாதே என்று முன்கூட்டியே சொல்லும் வசதி முக்கியம். கூகுள் அதை 2024-ல் இந்தியாவில் கொண்டுவந்தது. குறுகலான சாலையைத் தவிர்க்கும் வசதியும் அப்போதுதான் வந்தது, ஆனால் ஆரம்பத்தில் எட்டு நகரங்களுக்கு மட்டும், அதில் சென்னையும் கோவையும் உண்டு. அந்த வருடம் ஜனவரியில் கூடலூரில் மேப்பை நம்பி வந்த கார் ஒன்று படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டதே, அந்த மாதிரிச் சிறிய ஊர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

மலையில் இன்னும் சில விஷயங்கள் எந்தக் கருவிக்கும் சரியாகத் தெரிவதில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி குறுக்கு என்று காட்டும். 36 வளைவுள்ள அந்தச் செங்குத்துச் சாலையில் வெளியூர் வண்டி கீழே இறங்க அனுமதி இல்லை, இறங்கியவர்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று மாற்றுவார்கள். பண்டிப்பூர், திம்பம் காட்டுச் சாலைகளில் இரவுத் தடை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ், பிறகு வால்பாறைக்கும் வந்துவிட்டது. இதற்கெல்லாம் சாவடியில் இருப்பவரிடம் கண்ணாடியை இறக்கிக் கேட்பதுதான் வழி. மாவட்ட நிர்வாகங்கள் இந்தத் தடைகளை வரைபட நிறுவனங்களுக்கு உடனுக்குடன் தெரிவித்தால் பாதித் தொல்லை தீரும், அதையும் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுதலாம்.

அடுத்த பட்டியல் போடும்போது திரையின் அளவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்துவிடுங்கள்: டேட்டா இல்லாமல் ஓடுகிறதா, மூன்றாவது வருடம் வரைபடத்தைப் புதுப்பிக்க எவ்வளவு கேட்பார்கள்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
பொள்ளாச்சி.