புகைச் சோதனைக் கருவியின் முன் பத்து நிமிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பெட்ரோல் கார்கள் புகைச் சோதனையில் தேறாமல் திரும்புவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மெக்கானிக்கிடம் கொடுத்துக் காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்திக்கொண்டால் போதும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. நாற்பது ஆண்டுகள் கார் பட்டறையில் கழித்தவன் நான். அதில் எட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில். அந்த ஒரு வரியைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் என்னிடம் ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 230 ஈ வந்தது. 1983ஆம் ஆண்டு வண்டி. உரிமையாளர் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்தது. காலையில் வெகுநேரம் சுற்றினால்தான் இன்ஜின் பிடிக்கும். பின்னால் நின்றால் கண் எரியும். பிளக் நான்கும் கரி பிடித்துக் கிடந்தன. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். எனக்கு முன் மூன்று பட்டறைகள் அதைப் பார்த்திருந்தன. மூன்றிலும் செய்த வேலை ஒன்றே: கலவைத் திருகைத் திருகியிருந்தார்கள்.

அந்த வண்டியில் இருப்பது பாஷ் நிறுவனம் 1973இல் அறிமுகப்படுத்திய கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன். கம்ப்யூட்டர் சொல்லிப் பெட்ரோல் தெளிக்கும் முறை அல்ல இது. உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தள்ளுகிறது. தட்டு ஒரு நெம்புகோலை அசைக்கிறது. நெம்புகோல் பெட்ரோல் பங்கிடும் உருளைக்குள் ஒரு சிறு தண்டை உயர்த்துகிறது. தண்டு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பெட்ரோல் இன்ஜெக்டர்கள் என்ற தெளிப்பு முனைகளுக்குப் போய் இடைவிடாமல் தெளிக்கப்படுகிறது. கலவைத் திருகு அந்த நெம்புகோலுக்கும் தண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தட்டு அளந்த காற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கை மாற்றுவதுதான் அதன் வேலை.

தட்டைத் தாண்டிய பிறகு எங்காவது விரிசல் இருந்து காற்று நுழைந்தால், தட்டு அதை அளப்பதில்லை. அளக்காத காற்றுக்குப் பெட்ரோலும் கிடையாது. வண்டி நகராமல் நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது அது இழுப்பதே சிறிதளவு காற்றுதான். அதில் இந்தக் கள்ளக் காற்றின் பங்கு பெரிது. அதனால் கலவை மெலிந்து இன்ஜின் நடுங்கும். நடுக்கத்தைக் கேட்ட மெக்கானிக் திருகை வலப்பக்கம் திருப்புகிறார், பெட்ரோல் கூடுகிறது, நடுக்கம் நிற்கிறது. வாடிக்கையாளரும் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் சாலையில் வேகமெடுத்தால் இன்ஜின் இழுக்கும் காற்று பல மடங்காகிறது. விரிசல் வழியாக வரும் காற்று அங்கே ஒரு பொருட்டே அல்ல. கூட்டி வைத்த பெட்ரோல் மட்டும் அப்படியே இருக்கிறது. கரி, நாற்றம், மைலேஜ் இழப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். எங்கும் காற்று கசியாத நிலையில் இந்த இன்ஜின் அப்போதே தடுமாறும். இந்த வண்டி அசையவே இல்லை. தட்டுக்குக் கீழே உள்ள பெரிய ரப்பர் குழாயைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். மேலிருந்து கண்ணுக்குத் தெரியாத அடிமடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இன்ஜெக்டர்களின் ரப்பர் வளையங்களும் கல்லாக இறுகியிருந்தன. உதிரிபாகம் வந்து சேர மூன்று வாரம் ஆனது.

இரண்டையும் மாற்றியபின் சோதனை மையத்தில் புகையை அளந்தபோது கார்பன் மோனாக்சைடு 7.5 சதவீதம். பாரத் ஸ்டேஜ் 2 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பது 3 சதவீதம்.

அதன் பிறகுதான் திருகைத் தொட்டேன். மூன்று மில்லிமீட்டர் ஆலன் சாவியை, அதாவது அறுகோணச் சாவியைக், குறுகிய துளைக்குள் நீளமாக இறக்க வேண்டும். கீழே அழுத்தக் கூடாது. அழுத்தினால் தட்டே அசைந்து அளவு பொய்யாகும். ஒரு முறைக்கு ஒரு மயிரிழை மட்டும் திருப்ப வேண்டும். சாவியை வெளியே எடுத்துத் துளையை மூடிவிட்டு, ஒரு தடவை ஆக்சிலரேட்டரைக் கொடுத்து விட்டபின் மீட்டரைப் பார்க்க வேண்டும். சாவி உள்ளே இருக்கும்போதே ஆக்சிலரேட்டரைக் கொடுத்து நெம்புகோலை வளைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜின் முழுச்சூட்டில் இருக்க வேண்டும், விளக்கும் ஏசியும் அணைந்திருக்க வேண்டும். மீட்டரில் எண்ணைப் பார்க்காமல் காதால் கேட்டு இந்த வேலையைச் செய்ய யாராலும் முடியாது. என்னாலும் முடியாது.

அந்த மீட்டர்தான் என் கடிதத்தின் காரணம். வாயுக்களை அளக்கும் அந்தக் கருவியின் விலை சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அது இருக்கும் இடம் புகைச் சோதனை மையம். நான் போன முதல் மையத்தில் குழாயைச் சொருகினார்கள், படம் எடுத்தார்கள், அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்கள். அளவு தெரிந்தபடியே திருகிக்கொள்ளப் பத்து நிமிடம் கேட்டேன். விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் இரவு எட்டு மணிக்கு, கடை அடைக்கும் நேரத்தில், அங்கிருந்த இளைஞர் ஒப்புக்கொண்டார். பக்கத்திலேயே நின்று எண்ணை வாசித்துக்கொண்டே இருந்தார். 1.2 சதவீதத்தில் நிறுத்தினேன். வண்டி இப்போது லிட்டருக்கு ஒன்பது கொடுக்கிறது.

பம்புகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இது இன்னும் அவசரமாகிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது பங்கே போதும். இரண்டும் கலந்த இன்றைய எரிபொருளுக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி இதை உணர்ந்து தானாகவே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். சென்சார் இல்லாத பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அந்த அறிவு கிடையாது. பழைய கணக்கிலேயே தெளித்துக் கலவையை மெலியவிடும். ஒருவர் இதற்காகத் திருகத்தான் வேண்டும். அளந்து திருகினால் வண்டி பிழைக்கும். குருட்டாம்போக்கில் திருகினால் அந்த பென்ஸ் பட்ட பாடுதான். திருகு முக்கியமாக நின்று ஓடும் நிலையைத்தான் திருத்தும். பாரம் இழுக்கும்போதும் மெலிந்தால் கட்டுப்பாட்டு அழுத்தத்தை (தண்டை மேலிருந்து அழுத்தும் பெட்ரோலின் அழுத்தம்) அழுத்தமானி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் என் தொழில் நண்பர்கள் மறக்க வேண்டாம்.

சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு அளவு அச்சாகியே வருகிறது. யாரும் அதை வாசிப்பதில்லை. தேறியதா இல்லையா என்பதோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். 0.2 என்றிருந்தாலும் 2.9 என்றிருந்தாலும் என் பென்ஸ் போன்ற வண்டி தேறிவிடும். ஆனால் இரண்டுமே அதன் இன்ஜினுக்கு நல்லதல்ல.

போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் இது. தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சான்றிதழ் தராமல், அளவை மட்டும் காட்டும் சோதனையை மையங்கள் செய்ய அனுமதியுங்கள். மெக்கானிக் பக்கத்தில் நின்று திருத்திக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுங்கள். கோவையில் எந்த மையம் இதற்கு முன்வந்தாலும், சனிக்கிழமை மாலைகளில் ஆலன் சாவியோடு வந்து இளம் மெக்கானிக்குகளுக்குச் செய்து காட்ட நான் தயார். கூலி வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கார் மெக்கானிக்,
கோயம்புத்தூர்.