மூணாறில் நடந்தது தன்னெழுச்சி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை போராட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையில் மெரினாவையும் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்களையும் ஒரே வரியில் சேர்த்து ‘தன்னெழுச்சி’ என்று எழுதியிருந்தீர்கள். மெரினாவைப் பற்றி அங்கே இருந்தவர்கள் சொல்லட்டும். மூணாறு விஷயத்தில் அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள், என் சின்னம்மா அந்த ஒன்பது நாளும் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் கம்பெனி அந்த வருஷத்துக்கு 10 சதவீத போனஸ்தான் என்றது. 20 சதவீதம் வேண்டும், 232 ரூபாயாக இருக்கும் நாள் கூலியை 500 ஆக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், மூணாறு டவுனுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி என்று எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் கிட்டே விடவில்லை. லிசி சன்னி, கோமதி என்று முன்னால் நின்றவர்களும் தோட்டத்தில் வேலை பார்க்கிற பெண்கள்தான். அதுதான் பெம்பிளை ஒருமை, பெண்கள் ஒற்றுமை என்று அர்த்தம். ஒன்பது நாளில் 20 சதவீதத்துக்குக் கம்பெனி இறங்கி வந்தது.

கொடி இல்லை, ஆபீஸ் இல்லை, துண்டுப் பிரசுரம்கூட இல்லை, அதனால் திடீரென்று வெடித்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் லயத்தில் ஒரு வாரம் இருந்து பார்த்தால் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் குழந்தை இருமினால் அந்தப் பக்கத்து அக்கா கஷாயம் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டரில் ஒன்றாக நிற்பார்கள், மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளுவார்கள், சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டு எடை போடும் வரைக்கும் ஒன்றாகவே காத்திருப்பார்கள். எடை போடுகிற அந்த இடத்தில்தான் எல்லாப் பேச்சும் நடக்கும். யாருக்கு எவ்வளவு கழித்தார்கள், எஸ்டேட்டின் எந்தப் பிரிவில், அதாவது எந்த டிவிஷனில், என்ன தகராறு, சங்கத்துக்காரர் யார் பக்கம் பேசினார், எல்லாம் அங்கே வந்துவிடும். 10 சதவீதம் என்று தெரிந்த அன்றைக்கே அங்கே பேசி, ராத்திரி மற்ற டிவிஷன்களில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்லி, டவர் கிடைக்காத இடத்துக்கு ஆள் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்ததாகச் சின்னம்மா சொல்வார். இவ்வளவு வேலை நடந்திருக்கிறது, இதற்குப் பெயர் தன்னெழுச்சியா?

சமூகவியல் படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. மான்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965இல் ஒரு கேள்வி கேட்டார். போனஸ் கிடைத்தால் போராடினவளுக்கும் கிடைக்கும், வீட்டிலேயே இருந்தவளுக்கும் கிடைக்கும், அப்புறம் ஒருத்தி எதற்காகக் கூலியை விட்டுவிட்டு வெயிலிலும் மழையிலும் போய் உட்கார வேண்டும்? நல்ல கேள்வி. லயத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. நீ வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், நாளைக்கு அதே குழாயடியில் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நீ வந்தால் உன் பிள்ளைக்கு அவள் வீட்டில் சோறு இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆளை வீட்டிலிருந்து கிளப்பியது, கோபம் மட்டும் என்றால் அது எத்தனையோ வருஷமாக இருந்ததுதானே.

அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் கதையையும் இப்படித்தான் சொல்கிறார்கள், களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண் பஸ்ஸில் எழுந்திருக்க மாட்டேன் என்றாராம், ஊரே திரண்டுவிட்டதாம். அவர் அதற்கு முன்பே பல வருஷம் கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தின் மான்ட்கமரி கிளையில் செயலாளராக வேலை செய்தவர். 1955 டிசம்பரில் அவர் கைதான அன்றைக்கு ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியையும் அவருடைய பெண்கள் குழுவும் பல்லாயிரம் நோட்டீஸ் உருட்டி அச்சடித்து ஊர் முழுக்கப் பரப்பினார்கள். 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தது அந்த உழைப்பின் மேல்தான். இங்கேயும் அங்கேயும் மறைந்துபோவது பெண்களின் வேலை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும், ஏனென்றால் தானாக எழுந்தது தானாக அடங்கிவிடும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கூலி உயர்வைப் பேசி முடிப்பது அரசும் முதலாளிகளும் பதிவு பெற்ற சங்கங்களும் உட்காரும் கமிட்டியில். அங்கே அப்போது இந்தப் பெண்களுக்கு நாற்காலி இல்லை. மறுபடியும் ரோட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள், அக்டோபரில் 500 கேட்ட இடத்தில் 301 ரூபாய் என்று முடிந்தது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார், அப்புறம் தலைவிகளுக்குள்ளேயே பிரிவு வந்தது. பிரிவு வந்ததைப் பெரிதாகப் போட்ட பத்திரிகைகள் அந்தப் பெண்களுக்கு அந்தக் கமிட்டியில் ஏன் இடம் இல்லை என்று அத்தனை பெரிதாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்காவது இப்படிப் பெண்கள் ரோட்டுக்கு வந்தால் உங்கள் நிருபரை ரோட்டோடு நிறுத்தாமல் அவர்கள் வீட்டுப் பக்கமும் அனுப்புங்கள். யார் அடுப்பில் எத்தனை பேருக்குச் சோறு வெந்தது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டது, யார் யாருக்குப் போய்ச் சொன்னது என்று கேட்டு எழுதட்டும். மூணாறு விஷயத்தையே எழுதுவதாக இருந்தாலும் சரி, என் சின்னம்மா ரிட்டையர் ஆனதும் லயத்தைக் காலி செய்துவிட்டு இப்போது போடியில் என்னோடுதான் இருக்கிறார். கேட்டால் டிவிஷன் டிவிஷனாகப் பெயர் சொல்லுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
போடிநாயக்கனூர்