பச்சை ஸ்டிக்கர் எங்கே போனது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாக்கெட்டில் இருந்த 'மரபணு மாற்றம் அற்றது' என்ற பச்சை ஸ்டிக்கரை எடுத்துவிட்டோம். நாங்கள் சொல்லும் முன்பே வாட்ஸ்அப் குரல் பதிவு ஒன்று உங்களிடம் சொல்லிவிட்டது. "ஸ்டிக்கரைக் கிழிச்சாங்கன்னா சரக்கை மாத்திட்டாங்கன்னுதானே அர்த்தம்?" என்கிறார் அதில் பேசுபவர். சந்தேகம் நியாயம்தான்; நடந்தது வேறு.

எள், நிலக்கடலை, ஏன், கல் உப்புக்குக்கூட அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்தோம். "உப்புக்கு ஏது தம்பி மரபணு?" என்று நம் பழைய வாடிக்கையாளர் அம்மா ஒருவர் கேட்டபோது பதில் இல்லை. எள்ளிலும் கடலையிலும் மரபணு மாற்று ரகம், அதாவது ஆய்வகத்தில் மரபணுவை மாற்றி உருவாக்கிய ரகம், உலகில் எங்கும் வணிகமாகப் பயிராவதில்லை. இல்லாததை இல்லை என்று சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறோம். கூச்சமாக இருந்தது, எடுத்துவிட்டோம்.

கேட்க வேண்டிய இடம் சோயாவும் மக்காச்சோளமும்தான். உலகில் விளையும் சோயாவில் பெரும்பகுதி மரபணு மாற்று ரகம். இனி இந்த இரண்டின் மாவுக்கு மட்டும், லாட் லாட்டாகச் சோதித்த பிறகே ஸ்டிக்கர். அப்போதும் 'துளியும் இல்லை' என்று எந்த ஆய்வகமும் எழுதித் தராது. மகரந்தம் வேலி பார்ப்பதில்லை, லாரியின் மூலையில் பழைய மணிகள் கிடக்கும். அனுமதி பெற்ற ரகம் தற்செயலாகக் கலந்திருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் 0.9 சதவீதம் வரையிலும், அமெரிக்கா 5 சதவீதம் வரையிலும் 'மரபணு மாற்றப்பட்டது' என்ற லேபிள் கேட்பதில்லை. சோயா எண்ணெய்க்கு ஸ்டிக்கர் கிடையாது. சுத்திகரிப்பில் மரபணுத் தடயம் ஏறக்குறைய முழுதும் போய்விடுவதால் சோதித்தும் பயனில்லை. சோயா மாவில் இரண்டு லாட் மட்டும் முடிவு வரும் முன்பே ஸ்டிக்கரோடு போய்விட்டது, கொண்டு வந்தால் மாற்றித் தருகிறோம்.

சரி, எங்களை உண்மையில் சுட்டது வேறொன்று. "விதையில்லாத தர்பூசணி விக்கிறாங்களே, அதுவே சாட்சி" என்கிறது அந்தப் பதிவு, நாங்கள் மரபணு மாற்றுச் சரக்கு விற்கிறோம் என்பதற்கு. தர்பூசணிக்கு 22 குரோமோசோம், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள். அதை இரட்டிப்பாக்கி 44 உள்ள செடியை உருவாக்கி, சாதாரணச் செடியோடு சேர்த்தால் பிறப்பது 33. ஒற்றைப்படையாக நிற்பதால் விதை சரியாக உருவாகாது. வேறொரு உயிரின் மரபணு எதையும் இதில் நுழைப்பதில்லை. செடியோடு செடியை ஒட்டுக் கட்டும் ஒட்டுரகம், இரு ரகங்களைக் கலந்து எடுக்கும் வீரிய ரகம், மரபணு மாற்று ரகம் மூன்றும் மூன்று வேலைகள். கடைக்கே வந்து கேட்டிருந்தால் பழத்தை அறுத்து வைத்தே விளக்கியிருப்போம்!

மரபணு மாற்று உணவு விஷம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. விற்பனையில் உள்ள ரகங்களை உண்பதால் மற்றவற்றைவிடக் கூடுதல் ஆபத்து உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2016 அறிக்கை. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றுப் பயிர் வயல்களில் அந்த மருந்துக்கு அசையாத களைகள் பெருகியதைப் பெரிய சிக்கலாகச் சொன்னதும் அதே அறிக்கைதான். ஆனாலும் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

குரல் பதிவை யாருக்கும் அனுப்பாமல் நேரில் வந்து கேட்டவர்களுக்கும், கேட்காமலே எங்களை நம்பி வழக்கம்போல் பையை நீட்டியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. சோதனைச் சீட்டுகள் கல்லாவுக்குப் பக்கத்தில் கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்