கோதுமையை அடியோடு விட்டுவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதி மனசை நிறைத்தது. என் வாழ்த்தைச் சொல். ஆனால் கோதுமை சீரியல் சாப்பிட்டதும் வரும் வயிற்று உப்புசம் தாங்காமல் கோதுமையையே ஒரேயடியாக நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் கவலையாக இருக்கிறது.

சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துகொண்டாயா? க்ளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய் அது. க்ளூட்டனை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிவிட்டால், நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். டாக்டரிடம் எப்போது நிறுத்தினாய் என்பதையும் மறக்காமல் சொல். சீலியாக் என்றால் ஆயுள் முழுக்கத் துளிக் கோதுமையும் ஆகாது.

அது இல்லை, ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் தொந்தரவுதான் என்றால் கதையே வேறு. அதில் பலருக்குத் தொந்தரவு தருவது க்ளூட்டனைவிட, கோதுமையில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட்தான். அதை உடைக்கும் நொதி மனிதர் யாருக்குமே கிடையாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்து வாயுவைக் கிளப்பும். எல்லோருக்கும் நடப்பதுதான், உன் குடல் அதைக் கூடுதலாக உணர்கிறது.

ஆகவே அளவுதான் முக்கியம். ஒரு கிண்ணம் கோதுமை சீரியல் படுத்தும் வயிறு, கால் கிண்ணத்தைப் பேசாமல் ஏற்றுக்கொள்ளலாம். மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய, ஃப்ரக்டான் போல வாயு கிளப்பும் சத்துகளைக் குறைக்கும் ஃபாட்மேப் உணவுமுறையிலும், கண்டிப்பாக விலக்குவது 2 முதல் 6 வாரம்தான். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் இந்த இரண்டாம் கட்டத்துக்கு வருவதே இல்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு ஃப்ரக்டானும் தீனி. வருஷக்கணக்கில் பட்டினி போடக் கூடாது.

இன்னொன்று. கிண்ணத்தில் கோதுமை மட்டுமா இருந்தது? பாலில் லாக்டோஸ் இருக்கிறது. பெட்டியில் தேன், உலர்ந்த பழம், இனுலின் என்ற நார்ச்சத்து, சிக்கரி வேர் நார் என்று இருந்தால் அவையும் வாயு உண்டாக்குபவைதான். ‘க்ளூட்டன் இல்லாதது’ என்று அச்சடித்த பெட்டியிலும் இவை இருக்கும், திருப்பிப் படித்துப் பார். சோதிக்கும்போது, எதுவும் சேர்க்காத கோதுமை சீரியலை லாக்டோஸ் நீக்கிய பாலோடு சாப்பிடு. அப்போதுதான் குற்றவாளி யார் என்று தெரியும்.

உணவியல் நிபுணர் ஒருவர் கூடவே இருந்தால் நல்லது. டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்