செல்விக்கு, மிளகாய்த்தூள் கணக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்று வந்தது. தெருவில் பதினைந்து பெண்கள் சேர்ந்து மகளிர் சுய உதவிக் குழு கட்டி, மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிக்கிறீர்கள், அடுத்து மிளகாய்த்தூள் போடப்போகிறீர்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

பேங்க் கடனுக்குக் குழு ஆறு மாதம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். பேங்கில் கணக்கு தொடங்கிய தேதி பெரிதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி உங்கள் நோட்டுதான் சாட்சி. தீர்மான நோட்டில் தேதியும் வந்தவர்கள் கையெழுத்தும் ஒரு கூட்டத்துக்குக்கூட விடுபடக் கூடாது. ஆறு மாதச் சேமிப்பு 18,000 ரூபாய், அதில் ஆறு மடங்கு 1,08,000. முதல் கடன் ஆறு மடங்கு அல்லது ஒன்றரை லட்சம், எது அதிகமோ அது. ஆகவே ஒன்றரை லட்சமே கேளுங்கள். 10 லட்சம் வரை அடமானம் கேட்கவோ, சேமிப்பை முடக்கவோ பேங்குக்கு உரிமை கிடையாது. மேனேஜரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

குழுக்கள் சறுக்குவது பணம் கைக்கு வந்த அன்றுதான். சண்டை வேண்டாமென்று ஆளுக்குப் பத்தாயிரமாகப் பிரித்துவிடுவார்கள். கறவை மாடு வாங்க நினைத்தவளுக்கு அது பற்றாது. தேவையில்லாதவள் வாங்கிய பணம் வீட்டுச் செலவில் கரையும், தவணை அன்று கை விரிப்பாள். கடன் வாங்கும் முன்பே யாருக்கு எதற்கு எவ்வளவு, எந்த வருமானத்திலிருந்து கட்டுவாள் என்று கூட்டத்தில் பேசி எழுதுங்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் வீட்டிலேயே நோட்டு பூட்டிக் கிடக்க விடாதே. கூட்டந்தோறும் வரவு செலவை உரக்கப் படிக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கு அதுதான் ஒரே காவல்.

இனி மிளகாய்க்கு வருகிறேன். 10 கிலோ வற்றல் வாங்கினால் 10 கிலோ தூள் வராது. காம்பு, ஈரம், மில்லில் ஒட்டுவது எல்லாமாக ஒரு கிலோ போனாலே, 200 ரூபாய் வற்றல் தூளாகும்போது கிலோ 222 ஆகிவிடும். அதற்கு மேல் அரவைக்கூலி, கவர், வண்டி வாடகை. காம்பு கிள்ளி, காயவைத்து, சலித்தவர்களின் கூலியையும் எழுதிவிட்டு விலை போடுங்கள். அதை விட்டுவிட்டால், லாபம் என்று பங்கிடுவது உங்கள் கூலியைத்தான்.

வற்றல் கையில் நொறுங்கும்வரை காயட்டும். மில்லிலிருந்து வந்த தூள் சூடாக இருக்கும். வெள்ளைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் கவரில் போட வேண்டும். சூட்டோடு ஒட்டினால் உள்ளே வேர்த்து, கட்டி தட்டி, பூசணம் பிடிக்கும். மெல்லிய பாலிதீன் கவரில் வாசனை நிற்காது, கனமானதாக வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு, அந்த 14 இலக்க எண் வந்த பிறகு லேபிள் அச்சடித்தால் போதும். எடை, விலை, தயாரித்த தேதியும் அதில் இருக்கட்டும்.

கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்கு போட்டால் தனி நோட்டு வை. பழைய பாக்கி வராமல் புதுச் சரக்கு இறக்காதே.

முதல் அரைப்பு முடிந்ததும் வற்றல் எத்தனை கிலோ, தூள் எத்தனை கிலோ என்று எழுதி அனுப்பு. விலையைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மல்லிகா