குடியிருப்போர் சங்கம், 2023-24 ஆண்டறிக்கை (மாடித்தோட்டம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க)

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். ரோடு, தெருவிளக்கு, வடிகால் பத்தியெல்லாம் தலைவர் சொல்லிட்டாரு, சென்னை மடிப்பாக்கத்துல அது வருஷா வருஷம் ஓடுற கதைதான். நான் புதுசா ஆரம்பிச்ச மாடித்தோட்டத்த பத்தி மட்டும் சொல்லிடறேன்.

ஆரம்பிச்சு வச்சதே தக்காளிதான். 2023 ஜூலைல கிலோ 100 ரூபாய தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடைல 60 ரூபாய்க்கு வித்தப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் ஒரே ஆவேசம், ஆடிப்பட்டமும் சேர்ந்து வந்துச்சா, சிலர் தோட்டக்கலைத் துறை மானியத்துல குடுக்கற கிட் வாங்கினாங்க (பை, தென்னை நார்க்கழிவு கட்டி, விதை, அசோஸ்பைரில்லம்ங்கற நுண்ணுயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் வரும்), மத்தவங்க பழைய பெயிண்ட் வாளிய ஓட்டை போட்டாங்க. நாத்து விட்டு, பிடுங்கி நட்டு, பழம் பாக்க மூணு மாசம் ஆகும்ல, அதுக்குள்ள மார்க்கெட்ல விலை சரிஞ்சிடுச்சு. பழுத்ததுல பாதிய அணில் தின்னுச்சு.

அதனால செயலாளரா என் கருத்து, காசு மிச்சம் பண்ணணும்னு தக்காளி போடாதீங்க, கீரை போடுங்க. சிறுகீரை 25 நாள்ல கைக்கு வந்துடும், அரைக்கீரை கிள்ள கிள்ள துளிர்க்கும், புதினா, பச்சமிளகா, கறிவேப்பில இதெல்லாம் ஒரு வீட்டுக்கு தாராளம். அரிசிக்கும் வெங்காயத்துக்கும் நாம கிராமத்ததான் நம்பணும், அதுல மாத்தமில்ல. ஆனா கியூபால சோவியத் உதவி நின்னு போன 90கள்ல ஹவானாக்காரங்க காலி மனைலயெல்லாம் காய்கறி போட்டு சமாளிச்சாங்க. நம்ம ஏரியா காலி மனைல குப்பையும் சீமைக்கருவேலமும்தான் விளையுது!

எனக்கு இதுல பெரிய லாபமா படறது உரம்தான். நம்ம குப்பை போன பெருங்குடி கிடங்கு இருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல, மழைத்தண்ணிய வாங்கிக்க வேண்டியதும் அதே சதுப்பு நிலம்தான், குப்பை அடைச்சா தண்ணிக்கு இடமில்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்போ தண்ணி வீட்டுக்குள்ள வந்தவங்களுக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல. காய்கறித் தோல் மாடியிலயே உரமானா அந்த அளவுக்கு லாரில ஏறாது. தோல் ஒரு அடுக்கு போட்டா காஞ்ச இலை ஒரு அடுக்கு கண்டிப்பா போடணும், இல்லன்னா நாத்தம் குடலப் பிடுங்கும். புளிச்ச மோர் தெளிச்சா சீக்கிரம் மக்கும். வெள்ளைப்புழு நெளியுதுன்னு ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணாதீங்க, அது மக்க வைக்கிற புழு.

டாப் ஃப்ளோர்ல இருக்கறவங்க ஒழுகும்னு பயப்படறது நியாயம்தான். ஈரப்பை நல்ல கனம், அதனால நடு மாடில குவிக்காம சுவரோரமா செங்கல் மேல வைங்க, அடில காத்து போகணும். புயல்ல நார்க்கழிவு அடிச்சிட்டு போயி மழைத்தண்ணி இறங்கற குழாய் வாய அடைச்சிடுச்சு, அதனால இனிமே குழாய் வாய்ல வலை கட்டாம யாரும் பை வைக்கக்கூடாதுன்னு கமிட்டி முடிவு. இன்னொன்னு, ஆர்ஓ (குடிதண்ணி சுத்தம் பண்ற மெஷின்) கழிவுத்தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு ஏறி இலை ஓரம் கருகும்.

வர்ற வருஷம் தென்னை மட்டைய தூளாக்க ஒரு மெஷின் வாங்கணும்னு இருக்கோம், பணம் பத்தல. கணக்க பொருளாளர் வாசிப்பாரு, சந்தா பாக்கி லிஸ்ட்டும் அவர்கிட்டயே இருக்கு.