நம்பர் பிளேட்டை எங்க மாட்டணும்னு முடிவு பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பைக் கம்பெனி டிசைன் டீமுக்கும் வாரண்டி டீமுக்கும்,

வணக்கம். சமீபத்துல என் வண்டில ஃப்யூயல் பம்ப் புட்டுக்கிச்சு, வாரண்டி இன்னும் முடியலையேன்னு தைரியமா சர்வீஸ்ல விட்டேன். பின்பக்கத்தை ஒரு நோட்டம் விட்டுட்டு "நம்பர் பிளேட் இடம் மாத்தியிருக்கு சார், ஒயர்ல கை வச்சிருக்கீங்க, எலக்ட்ரிக்கல் எதுக்கும் வாரண்டி கிடையாது"ன்னுட்டாங்க. டேங்குக்குள்ள முங்கிக் கெடக்குற பம்புக்கும் வெளிய தொங்குற பிளேட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? கேட்டா பாலிசியாம்.

டெயில் டைடி, அதாவது பின்னால நீளமா தொங்குற பிளேட் ஹோல்டருக்குப் பதிலா நாங்களே மாட்டிக்கிற குட்டை பிராக்கெட், ஏன் போடுறோம்னு உங்களுக்குத் தெரியாததில்ல. ஷோல கான்செப்ட் பைக்கை வைக்கிறப்போ வால் சீட்டோட நிக்குது, அதே வண்டி விக்க வர்றப்போ நல்ல சட்டை தைச்சு முதுகுல முறத்தைக் கட்டி விட்ட மாதிரி ஒரு முழ பிளாஸ்டிக் தொங்குது. அதை நாங்க கழட்டுவோம்னு தெரிஞ்சுதான் நாலே போல்ட்ல மாட்டி அனுப்புறீங்களோன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

அந்த நாலு போல்ட்டைக் கழட்டுறது பெரிய விஷயமே இல்ல, உயிரை வாங்குறது ஒயர்தான். இண்டிகேட்டர் ஒயரும் பிளேட் லைட் ஒயரும் மட்கார்டுக்குள்ள ஒரு ஓட்டை வழியா சீட்டுக்கு அடில போகுது, நுனில இருக்குற கனெக்டர் அந்த ஓட்டையை விடப் பெருசு! ஃபேக்டரில எப்படி நுழைச்சீங்களோ, எங்களால வெளிய எடுக்க முடியல. ஒண்ணு கனெக்டர்ல இருந்து பின்னை ஒவ்வொண்ணா நோண்டி எடுக்கணும், இல்ல ஒயரை வெட்டணும். வெட்டி, சால்டர் பண்ணி, சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு எவ்வளவு பக்குவமா செஞ்சாலும் அந்த ஜாயின்ட் பின் சக்கரத்துக்கு நேர் மேலதான் இருக்கு, மழைல டயர் வாரி அடிக்கிற தண்ணி எல்லாம் அங்கதான். அப்புறம் எல்ஈடி இண்டிகேட்டர் போட்டா பல்பு ஃபியூஸ் போனதா நினைச்சு, இண்டிகேட்டரை மினுக்குற ரிலே படபடன்னு அடிக்கும், அதுக்கு ஒரு ரெசிஸ்டரைத் தேடி அலையணும்.

கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒயரை வெட்டாம மாட்டுற மாதிரி குட்டையான பிளேட் ஹோல்டரை நீங்களே, உங்க வாரண்டியோட குடுங்க.

சட்டம் விடாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. ஐரோப்பிய விதியே பிளேட் மேல் நோக்கி 30 டிகிரி வரைக்கும் சாயலாம்னு சொல்லுது, ரெண்டு பின் இண்டிகேட்டருக்கும் நடுவுல 180 மில்லிமீட்டர் இருந்தா போதும்ங்குது. பிளேட் தெரியணும், ராத்திரில லைட் விழணும், சஸ்பென்ஷன் முழுசா அமுங்கினாலும் டயர்ல தட்டக்கூடாது, இதெல்லாம் எங்களுக்கும் வேணும்தான். கேமராவுக்கு டிமிக்கி குடுக்க பிளேட்டை சீட்டுக்கு அடில மடக்கி வைக்கிறவங்களோட எங்களை சேக்காதீங்க.

முடியாத காரியமும் இல்ல. 2011 மாடல் டுகாட்டி டயாவெல்லயும் 2017 யமஹா எம்டி-09லயும் பிளேட்டை, பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம்ல இருந்தே கொண்டு வந்து வாலை சுத்தமா விட்டாங்க. அங்க சஸ்பென்ஷன் காப்பாத்தாது, ஒவ்வொரு குழியும் நேரா பிராக்கெட்லதான் இறங்கும்ங்கறது வேற கதை, எனக்கே அந்த இடம் அவ்வளவா பிடிக்காது. ஆனா ஃபேக்டரியே செஞ்சு குடுத்தா அதுக்குத் தகுந்த கெட்டியா செஞ்சு, டெஸ்ட் பண்ணித்தானே குடுப்பாங்க.

நீங்களோ வண்டியை ஆப்போட கனெக்ட் பண்ணி டயல்ல போன் கால் வர வச்சிருக்கீங்க, டேங்க் ஸ்டிக்கரைக் கூட ஆக்சஸரின்னு தனியா விக்கிறீங்க, ஓட்டைக்குள்ள நுழையற சைஸ்ல ஒரு கனெக்டர் போட மட்டும் ஆள் இல்ல போல. சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும்.

தயவு செஞ்சு அடுத்த மாடல்ல டெயில் ஒயருக்கு சீட்டுக்கு அடில தண்ணி புகாத ஒரு சின்ன கனெக்டர் வைங்க. பிளேட் லைட்டோட குட்டை ஹோல்டரை வண்டி புக் பண்றப்பவே ஆப்ஷனா குடுங்க. அது வர்ற வரைக்கும், பழுதுக்கும் பிளேட் மாத்துனதுக்கும் என்ன சம்பந்தம்னு எழுத்துல காட்டாம வாரண்டியை மறுக்காதீங்கன்னு உங்க சர்வீஸ் ஆளுங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க. பதிலை எதிர்பாக்குறேன்.

இப்படிக்கு,
பம்புக்கு சொந்தக் காசு கட்டின ஒரு வாடிக்கையாளன்